சுழலி கண்ட பார்சன்ஸ்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கப்பலை ஓட்டுவது எஞ்சின் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் எஞ்சின் எத்துணை வலுவுடையதாயினும், அதன் விசிறி நீரைப் பற்றாவிட்டால் கப்பல் விரையாது. இவ்வுண்மையைத் தம் தோல்வியிலேயே கற்று வெற்றி கண்டவர் சார்லஸ் பார்சன்ஸ்.

1854-இல் லண்டனில் பிறந்த பார்சன்ஸ், அயர்லாந்தின் பிர் கோட்டையில் வளர்ந்தார். தந்தை ராஸ் பிரபு, அந்நாளில் உலகிலேயே பெரிய தொலைநோக்கியை அங்கு நிறுவிய வானியல் அறிஞர். பிரபு குடும்பத்துப் பிள்ளையாயினும், கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று முடித்ததும் பார்சன்ஸ் நியூகாசில் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தார்.

அக்கால நீராவி எஞ்சின்களில் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடியது. நீராவியைக் கொண்டு தண்டை நேராகவே சுழற்ற இயலாதா? ஒரே பாய்ச்சலில் விரியவிட்டால், சக்கரம் தாங்கவொண்ணாத வேகம் பிறக்கும். எனவே பல தகட்டு வரிசைகளின் ஊடே அதைச் சிறிது சிறிதாக விரியச் செய்தார். 1884-இல் அவர் அமைத்த சுழலி, நிமிடத்துக்கு 18,000 முறை சுழன்று மின்சாரம் தந்தது.

அதையே கப்பலில் பொருத்த விரும்பி, 1894-இல் ஏறத்தாழ 100 அடி நீளமுள்ள ‘டர்பினியா’வைக் கட்டினார். சோதனையில் அது மணிக்கு 20 கடல் மைலைக்கூட எட்டவில்லை. விசிறிகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

பார்சன்ஸ் சுழலியைக் கைவிடவில்லை. குறை எங்கே என்று தேடினார். சிறு தொட்டி நீரில் 2 அங்குல விசிறியைச் சுழற்றி, விட்டுவிட்டு வீசும் ஒளியில் உற்று நோக்கினார். மிகுவேகத்தில் தகட்டின் ஒருபுறம் அழுத்தம் குறைந்து, நீர் ஆவிக் குமிழ்களாக மாறிற்று! விசிறி நீரைத் தள்ளாமல் குமிழைக் கலக்கிக்கொண்டிருந்தது. ஒரு சுழலிக்குப் பதில் மூன்று சுழலிகள், மூன்று தண்டுகள், தண்டுக்கு மூன்று விசிறிகள் எனச் சுமையைப் பகிர்ந்தார். வேகம் 34 கடல் மைலாயிற்று.

1897 ஜூன் 26. விக்டோரியா அரசியின் வைரவிழாவுக்காக ஸ்பிட்ஹெட்டில் கடற்படை அணிவகுத்து நின்றது. அவ்வரிசைகளுக்கிடையே டர்பினியா சீறிப் பாய்ந்தது. துரத்திய காவற்படகுகள் பின்தங்கின. 1906-இல் டிரெட்நாட் போர்க்கப்பலும், 1907-இல் மௌரிடானியா பயணிக் கப்பலும் சுழலியால் ஓடின.

1931-இல் கடற்பயணம் ஒன்றின்போது பார்சன்ஸ் மறைந்தார். 1947-இல் பிரிட்டனின் போர்ப்படகு ஒன்று வாயுச் சுழலியால் கடலில் ஓடியது. நீராவியின் இடத்தில் எரிவளி வந்தது. தகட்டு வரிசைத் தத்துவம் மாறவில்லை. இன்றைய விரைவுப் போர்க்கப்பல்களின் விசிறிகளும் அதே குமிழோடுதான் போராடுகின்றன. சோதனை பொய்த்தபோது சோர்ந்து போகாமல் தொட்டிநீரை உற்று நோக்கினாரே, அந்த நோக்கே அறிவியல் மாணவர் அவரிடம் கற்க வேண்டியது.