தாயின் பெயரும் மகளின் ஒப்பமும்

திரைத்தாரகையரின் கையொப்பங்களைத் தேடித் தொகுப்போர் ஜீன் ஹார்லோ என்னும் ஒப்பத்தைக் கண்டால் ஐயுறுவர். அவ்வையம் தக்கதே. 1911இல் அமெரிக்காவின் கான்சஸ் நகரிற் பிறந்த அந்நடிகையின் இயற்பெயர் ஹார்லீன் கார்ப்பென்டர். ஜீன் ஹார்லோ என்பதோ மணத்துக்கு முன் அவர் அன்னை தாங்கிய பெயர். நடிகையாக விழைந்து 1923இல் மகளுடன் ஹொலிவூட் சென்ற அன்னைக்கு, வயது கடந்ததென்று வாயில் அடைபட்டது. 1928இற் சிறு வேடங்கள் ஏற்ற மகள் அப்பெயரையே சூடினார். 1930இல் வெளிவந்த 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' அதனை உலகறியச் செய்தது. இரசிகர் வேண்டிப் பெற்ற படங்களிற் பெரும்பாலானவற்றில் ஒப்பமிட்டவர் அன்னையே. அவை இன்று மலிவாக விலைபோகின்றன. மகள் கைப்பட எழுதியவையோ மிக அரியன. அன்னையின் எழுத்தைப் போலியென்று கூற யான் துணியேன். அப்பெயர் முதற்கண் அவருடையதன்றோ? 1937 ஜூன் 7ஆம் நாள், 26ஆம் வயதில், சிறுநீரக நோயால் மகள் மறைந்தார். முடியாது நின்ற 'சரட்டோகா' படத்தை, வேறு பெண்டிர் அவராக நின்றும் குரல் கொடுத்தும் நிறைவேற்றினர்.