கிளைவ் சண்டை கத்துக்கிட்டது கடலூர்லயா?
ராபர்ட் கிளைவ் இந்தியாவுக்கு வந்தது சண்டை போட இல்லை, கணக்கு எழுத. 1744-ல் கிழக்கிந்திய கம்பெனி கிளார்க்காக சென்னைக்கு வந்தபோது வயசு 18. 1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடிக்க, உள்ளூர்க்காரர் போல வேஷம் போட்டுத் தப்பியவர், கடலூர் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். பேனாவை விட்டுட்டு வாளைப் பிடித்தது இங்கேதான். ராணுவப் படிப்பெல்லாம் கிடையாது. 1748-ல் வந்த மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ்தான் வாத்தியார்.

1749-ல் சிதம்பரத்தை அடுத்த கொள்ளிட முகத்துவாரத்தில் தேவிக்கோட்டை மீது தாக்குதல். முன்னால் ஓடிய கிளைவ், பின்னால் சிப்பாய்கள் வராததைக் கவனிக்கவே இல்லை. தஞ்சாவூர்க் குதிரைப்படை பாய்ந்தது. கூட வந்த வெள்ளைக்காரர்களில் பெரும்பாலானோர் செத்தார்கள். கிளைவ் மயிரிழையில் தப்பினார். புதுசா கத்துக்கிறவர் அவசரம், வேறென்ன! பிறகு லாரன்ஸே முழுப் படையோடு போய்க் கோட்டையைப் பிடித்தார். 2 வருஷத்தில், ஆற்காட்டுக் கோட்டையை கிளைவ் சுமார் 50 நாள் விடாமல் காத்தார்.