கிட்டார் வாசிக்கத் தெரியாத லியோ ஃபெண்டர்

ஸ்ட்ராட்டோகாஸ்டர்னு பேர் தெரியாட்டியும், கல்ச்சுரல்ஸ் மேடையில அந்தக் கிட்டாரோட வடிவத்தை நீங்க பார்த்திருப்பீங்க. அதை உருவாக்கின லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் ஒரு ரேடியோ மெக்கானிக். நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிச்சவரும் இல்லை.

1909 ஆகஸ்ட் 10 அன்று கலிபோர்னியாவில் ஒரு ஆரஞ்சுத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே இடது கண் போயிடுச்சு. மாமா ஒருத்தர் வண்டிகளுக்கான எலக்ட்ரிக்கல் கடை வெச்சிருந்தார். அங்கே பார்த்த ரேடியோ மேல வந்த ஆசை கடைசி வரைக்கும் விடலை. படிச்சது அக்கவுண்ட்ஸ், பார்த்ததும் கணக்கு வேலை. பொருளாதார மந்தத்துல அந்த வேலை போச்சு. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்ட்டன் ஊரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார்.

இசைக்கலைஞர்கள் அந்தக் கடைக்கு ஆம்ப்ளிஃபையர்களைத் தூக்கிட்டு வந்தாங்க. தினமும் பிரிச்சுச் சரி பண்றவனுக்கு எது முதல்ல போகும், எந்த இடத்துல கை நுழையாதுன்னு தெரிஞ்சுடும். 1946-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினப்போ இந்த அனுபவம்தான் அவரோட முதலீடு.

அவர் காலத்து ஆம்ப் ஒண்ணைத் திறந்தா ஒரு அட்டை, அதுல இடைவெளி விட்டுக் கையால சால்டர் பண்ணின பாகங்கள், பக்கத்துல வால்வுகள். எந்த இடத்துல எந்த வால்வுன்னு சொல்ற தாள் பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருக்கும். 1950-களின் தொடக்கத்துல வந்த டெலிகாஸ்டர் கிட்டாரும் அப்படித்தான். கழுத்துப் பகுதியை ஒட்டாம நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டினார். கெட்டுப்போனா கழட்டி மாத்திக்கலாம். 1951-ல் பிரிசிஷன் பேஸ், 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். பேஸ்மேன் ஆம்ப்போட சர்க்யூட்டைப் பார்த்துத்தான் 1960-களில் லண்டனில் முதல் மார்ஷல் ஆம்ப் பிறந்தது.

உடம்பு சரியில்லாம 1965-ல் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு வித்தார். அப்புறம் குணமாகி, மறுபடி பட்டறைக்கே போனார். பார்க்கின்சன் நோய் வந்தும் வேலையை விடலை. 1991 மார்ச் 21 அன்று இறந்தார்.

இப்போ நம்ம கதைக்கு வாங்க. அந்தக் காலத்து ட்வின் ரிவெர்ப் ஆம்ப் ஏறக்குறைய 29 கிலோ. குன்றத்தூர் மலைக்கோயில் படியில அதைத் தூக்கிட்டு ஏறிப் பாருங்க, தெரியும். இன்னைக்கு 500 வாட் பேஸ் ஆம்ப்பே 3 கிலோவுக்குள்ள வந்துடுது. காரணம் நீங்க படிச்சதுதான். 50 ஹெர்ட்ஸுக்கு வேணும்கிற கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், ஸ்விட்சிங் சப்ளையோட உயர் அதிர்வெண்ணுல உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிடும். கிளாஸ் டி-யில டிரான்சிஸ்டர் ஆன், ஆஃப் ரெண்டே நிலையில நிக்கறதால சூடும் கம்மி, ஹீட்சிங்க்கும் சின்னது.

அதுக்காக லேசானதெல்லாம் சீக்கிரம் போயிடும்னு சொல்ல முடியாது. பழைய ஆம்ப்லயும் வால்வு தேயும், எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காயும். சூடு 10 டிகிரி ஏறினா கெப்பாசிட்டர் ஆயுள் பாதியாகும்ங்கிற விதி ரெண்டுக்கும் ஒண்ணுதான். வித்தியாசம் கெட்டுப்போன பிறகுதான் தெரியும். அங்கே ஒரு பாகத்தை மாத்தினா போதும். இங்கே எள்ளு சைஸ் பாகங்கள், வரைபடம் கிடைக்காது, சிப் நின்னுபோயிருக்கும். கடைசியில மொத்த போர்டையும் மாத்தணும், இல்லைன்னா தூக்கிப் போடணும். திருவிழா சீசன்ல ஒரு மெல்லிசைக் குழுவுக்கு அது ஒரு மாச வருமானம்.

நம்ம சீனியர்கள் நிறைய பேர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் லைன்களில்தான் இருக்காங்க. அடுத்த வருஷம் நீங்களும் போகலாம். எடையைக் குறைங்க, தப்பில்லை. ஆனா மூடியைப் பசை போட்டு ஒட்டாதீங்க, நாலு ஸ்க்ரூ போடுங்க. சர்க்யூட் படத்தை உள்ளேயே ஒட்டி வையுங்க. இருபது வருஷம் கழிச்சு, உங்க பேரே தெரியாத ஒரு மெக்கானிக் அதைத் திறப்பார்.