உயரம் போதாதவர்

மல்யுத்த வீரர் காமா 1910-ல் லண்டன் போட்டிக்குப் போனார். ஆள் குள்ளம் என்று சேர்க்க மறுத்துவிட்டார்கள். மனுஷன் ஊர் திரும்பவில்லை. எவரோடும் மோதத் தயார் என்று சவால் விட்டார். அமெரிக்காவின் ரோலரைச் சாய்த்ததும் கதவு திறந்தது.

அடுத்து போலந்தின் ஸ்பிஸ்கோ. இரு தோளும் தரையில் பட்டால்தான் தோல்வி என்பது விதி. அவரோ குப்புறப் படுத்தே இரண்டரை மணி நேரத்தை ஓட்டினார்! முடிவில்லை. மறுவாரம் அவர் வரவேயில்லை. ஜான்புல் பெல்ட் காமாவுக்கு. (குத்து, உதை, பிடி கலந்த இன்றைய எம்.எம்.ஏ. போட்டியில் ஐந்து நிமிட ரவுண்டு; மோதாமல் ஒதுங்கினால் ஃபவுல்.)

1928-ல் பாட்டியாலாவில் மீண்டும் மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். 1960-ல் லாகூரில் மறைந்தார்.

கருவேப்பிலங்குறிச்சியில் எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். இவனுக்கெதுக்கு டிப்ளமோ என்றவர்கள் உண்டு. வாசலில் தடுத்தால் திரும்பிவிடக் கூடாது, நண்பர்களே!