பேராசிரியர் சிறில் பொன்னம்பெரும: மலையக மாணவருக்கு ஒரு முன்மாதிரி

உயிரின் தோற்றத்திற்கு இரசாயனவியலின் துணைகொண்டு விடை தேடியோருள் உலகறிந்த இலங்கையர் பேராசிரியர் சிறில் பொன்னம்பெரும ஆவார். 1923 இல் காலியில் பிறந்த இவர் முதலில் பயின்றது விஞ்ஞானமன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948 இல் மெய்யியற் பட்டம் பெற்ற பின்னரே இலண்டன் சென்று இரசாயனவியலைக் கற்றார். நோபல் பரிசாளர் மெல்வின் கல்வினின் வழிகாட்டலில் கலிபோர்னியாவில் அவர் கலாநிதிப் பட்டம் பெற்றது 1962 இல், நாற்பதை நெருங்கும் வயதிலாகும்.

பின்னர் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் இணைந்து, ஆதிப் பூமியின் சூழலை ஆய்வுகூடத்தில் உருவாக்கி ஆராய்ந்தார். 1969 இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் வீழ்ந்த விண்கல்லில் பூமிக்கு அப்பால் உருவான அமினோ அமிலங்கள் இருப்பதை அவரது குழுவினர் 1970 இல் அறிவித்தமை குறிப்பிடத்தக்கது.

அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று பிணைந்தால் பெப்தைட்டுகள் உருவாகும். உப்பு மிகுந்த நீரில் செப்பு அயன்கள் இப்பிணைப்புக்குத் துணைபுரிவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. உலோக அயன் பெப்தைட்டைப் பற்றும் விதத்தை நமது மாணவரும் பையூரெற் சோதனையில் கண்ணாற் காணலாம். முட்டை வெண்கருவுடன் காரக் கரைசலும் சிறிதளவு செப்புச் சல்பேற்றும் சேர்த்தால், பெப்தைட்டுப் பிணைப்புகளிலுள்ள நைதரசன் அணுக்கள் ஐதரசனை இழந்து செப்பு அயனைச் சூழ்ந்து பிணைகின்றன. நீலம் ஊதாவாக மாறுவது இதனாலேயாகும். தனித்த அமினோ அமிலங்கள் பொதுவாக இந்நிறத்தைத் தருவதில்லை.

1984 இல் பேராசிரியர், அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகப் பொறுப்பேற்றார். கண்டி, ஹந்தானையில் அந்நிறுவகம் இன்றும் இயங்கி வருகின்றது. அவர் 1994 டிசம்பர் 20 ஆம் திகதி காலமானார்.

ஹந்தானையும் மடுல்கெல்லவும் ஒரே மாவட்டத்தில் உள்ளவை. ஆயினும் மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு கொண்ட தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் இன்னும் போதியளவில் இல்லை. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் பலர் விருப்பமிருந்தும் வேறு பாடங்களை நாட நேர்கின்றது. மேற்கூறிய சோதனைக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஓர் ஆய்வுகூட அறையும் ஓர் ஆசிரியரும் போதும். இவற்றை வழங்குவது கல்வி அதிகாரிகளின் கடமையாகும். ஊர்த் தனவந்தரும் கைகொடுக்க வேண்டும். மெய்யியல் கற்றவர் பிந்திய வயதில் விஞ்ஞானியானது, கதவு திறந்திருந்தமையாலேயே என்பதை நாம் மறத்தலாகாது.