ஏழாம் முயற்சி

எவரெஸ்ட் சிகரத்தை ஷெர்பா மக்கள் சோமோலுங்மா என்று அழைத்து வணங்கினர். அம்மக்களிடையே, யாக் மேய்க்கும் எளிய குடும்பத்தில், 1914ஆம் ஆண்டு டென்சிங் நார்கே பிறந்தார். பள்ளி செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் சிறு வயதிலேயே அம்மலையின் உச்சியை அடையும் விருப்பம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

பதினெட்டாம் வயதில் அவர் டார்ஜிலிங் சென்றார். எவரெஸ்டுக்குச் செல்லும் குழுவினர் சுமை தூக்குவோரை அங்கேதான் தேர்ந்தெடுத்தனர். 1933இல் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1935இல் எரிக் ஷிப்டன் கடைசி நேரத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார். பின்னர் 1936, 1938, 1947 ஆகிய ஆண்டுகளிலும் சென்றார், சிகரம் வசப்படவில்லை. கூடாரமும் உணவும் ஷெர்பாக்களின் முதுகில்தான் மேலே சென்றன. புகழோ பிறருக்கே சென்றது.

1952இல் வந்த சுவிட்சர்லாந்துக் குழு அவரைச் சுமையாளாக மட்டும் கருதாமல், குழு உறுப்பினராகவே ஏற்றது. ரேமண்ட் லாம்பர்ட்டும் அவரும் படுக்கைப்பையோ அடுப்போ இன்றி ஒரு சிறு கூடாரத்தில் இரவைக் கழித்தனர். மெழுகுவத்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கித் தாகம் தணித்தனர். மறுநாள் ஏறத்தாழ 8,600 மீட்டர் உயரம் வரை சென்று திரும்பினர். லாம்பர்ட் தம் சிவப்புக் கழுத்துத்துணியை நண்பருக்கு அளித்தார். அவ்வாண்டின் இறுதியில் மேற்கொண்ட முயற்சியும் கடுங்குளிரால் கைகூடவில்லை.

1953இல் ஜான் ஹண்ட் தலைமையிலான பிரிட்டிஷ் குழுவில் டென்சிங் இடம்பெற்றார். பயணத்தின் தொடக்கத்தில் எட்மண்ட் ஹிலாரி பனிப்பிளவில் விழுந்தபோது, டென்சிங் கயிற்றை இறுகப் பற்றி அவரைக் காத்தார். மே 29 அன்று முற்பகல் 11.30 மணிக்கு இருவரும் உச்சியை அடைந்தனர். லாம்பர்ட்டின் சிவப்புத் துணி அப்போது டென்சிங்கின் கழுத்தில் இருந்தது. அவர் இனிப்புகளையும் மகள் கொடுத்த பென்சிலையும் பனியில் புதைத்து வணங்கினார்.

முதலில் கால் பதித்தவர் யார் என்று உலகம் ஓயாமல் வினவியது. இருவரும் இணைந்தே ஏறியதாகக் கூறிவந்தனர். ஒரே கயிற்றில் பிணைந்தோரிடம் கேட்கத்தக்க வினாவன்று அது. ஆயினும் 1955இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில், ஹிலாரியே சில அடிகள் முன்னே சென்றார் என்பதை டென்சிங் மறைக்காமல் தெரிவித்தார்.

1954இல் டார்ஜிலிங்கில் இமயமலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டபோது, களப்பயிற்சியின் முதல் இயக்குநராக அவர் பொறுப்பேற்றார். தாம் பிறந்த நாளை அறியாத அவர், மே 29ஆம் நாளையே பிறந்த நாளாகக் கொண்டாடினார். 1986ஆம் ஆண்டு மே 9 அன்று டார்ஜிலிங்கில் மறைந்தார்.