எலும்பு மூட்டையும் மருந்துக் கம்பெனியும்

விஞ்ஞானி என்றதும் நமக்கு வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும்தான் ஞாபகம் வரும். ஆனா இவர் கசாப்புக் கடையில் மாட்டு எலும்பை மூட்டை மூட்டையா வாங்கி மாடியில் காயப் போட்டவர். அதுவும் கல்லூரியில் வாத்தியாரா இருந்துகிட்டே! அவர்தான் ஆச்சார்யா பிரபுல்ல சந்திர ரே. சுருக்கமா பி.சி. ரே.

இவர் 1861 ஆகஸ்ட் 2 அன்று ராருளி என்ற கிராமத்தில் பிறந்தார். அது இப்போ வங்காள தேசத்தில் குல்னா பக்கம் இருக்கு. அப்பா ஹரீஷ் சந்திர ரே ஜமீன்தார், வீட்டில் பெரிய நூலகமே வைத்திருந்தார். பையன் கல்கத்தாவில் படிக்கும்போது கடுமையான வயிற்றுக் கடுப்பு வந்து பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க வேண்டியதாயிற்று. அந்த நோய் சாகும்வரை அவரை முழுசா விடவில்லை. வீட்டில் கிடந்த காலத்தில் அந்த நூலகத்தைத்தான் படித்துத் தீர்த்தார்.

1882-ல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை கிடைத்து ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1887-ல் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1888-ல் ஊர் திரும்பியதும் வேலை ரெடியா இருக்கும் என்றுதானே நினைப்பீங்க? அதுதான் இல்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷம் சும்மா இருந்தார். கல்வித் துறையில் பெரிய சம்பளப் பதவி எல்லாம் வெள்ளைக்காரர்களுக்குத்தான். அப்போ இவருக்கு வீட்டில் இடம் கொடுத்தவர் ஜகதீஷ் சந்திர போஸ், செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தாரே அவரேதான். கடைசியில் 1889-ல் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அதே படிப்பு படித்த வெள்ளைக்காரர்கள் இதை விட எவ்வளவோ அதிகம் வாங்கினார்கள்.

வேலை கிடைச்சாச்சு, இனி என்ன கவலை என்று அவர் இருக்கவில்லை. படித்த பையன்கள் எல்லாம் குமாஸ்தா வேலைக்கு மனு போட்டுக் காத்துக் கிடப்பதைப் பார்த்தார். மருந்துக் கடைக்குப் போனால் ஒவ்வொரு பாட்டிலும் கப்பலில் வந்த சரக்கு. நம்ம நாட்டு எலும்பு கப்பலேறி வெளிநாடு போகும். எலும்பிலிருந்து செய்கிற மருந்துச் சரக்கு அங்கிருந்து இங்கே வரும். அதை நாமே செய்தால் என்ன என்று இறங்கிவிட்டார்.

முதலில் எலுமிச்சம்பழத்திலிருந்து சிட்ரிக் அமிலம் எடுத்துப் பார்த்தார். பழம் விலை கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டார். அடுத்ததுதான் எலும்பு. எலும்பைச் சுட்டால் கிடைக்கும் சாம்பலில் கால்சியம் பாஸ்பேட் நிறைய இருக்கும். அதில் கந்தக அமிலத்தை ஊற்றி, அப்புறம் சோடா சேர்த்து, வடிகட்டிக் காய்ச்சினால் சோடியம் பாஸ்பேட் உப்பு கிடைக்கும். அந்தக் காலத்தில் அது டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற மருந்து.

கேட்க சுலபமா இருக்கு இல்லையா? நடந்ததைக் கேளுங்க. பச்சை எலும்பை வாங்கி அப்பர் சர்க்குலர் ரோட்டில் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் பரப்பினார். அந்த நேரம் பார்த்து விடாம மழை. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகிப் புழு வைத்துவிட்டது. காக்கா கூட்டம் கூட்டமா வந்து தூக்கிக்கொண்டு போய் பக்கத்து வீடுகளில் போட்டது. அக்கம்பக்கம் எல்லாம் ஆச்சாரமான குடும்பங்கள். நாற்றம் ஒரு பக்கம், தீட்டு ஒரு பக்கம்! எடுக்கிறியா இல்ல சுகாதார அதிகாரியிடம் சொல்லவா என்று கிளம்பிவிட்டார்கள். (எங்க தெருவில் கருவாடு காயப் போட்டாலே சண்டை வரும், மாட்டு எலும்புன்னா நினைச்சுப் பாருங்க.)

உடனே மூட்டை கட்டி ஊருக்கு வெளியே மாணிக்தலா பக்கம் கொண்டுபோய் செங்கல் சூளை மாதிரி அடுக்கித் தீ வைத்தார்கள். நடு ராத்திரியில் தீ வெளிச்சத்தைப் பார்த்து போலீஸ்காரர் ஓடி வந்தார். யாரோ பிணத்தைத் திருட்டுத்தனமா எரிக்கிறாங்கன்னு அவருக்குச் சந்தேகம். மூங்கில் கம்பால் கிளறிப் பார்த்துவிட்டு, மாட்டு எலும்புதான் என்று தெரிந்த பிறகுதான் போனாராம். எனக்கு இந்த வாழ்க்கை வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கினவர் இதுக்கெல்லாம் கூச்சப்படவே இல்லை.

இப்படித்தான் 1892-ல் பெங்கால் கெமிக்கல் உருவானது. போட்ட முதல் 700 ரூபாய். கல்லூரி விட்டதும் நேரே வந்து மருந்து காய்ச்சுவார், கணக்கும் பார்ப்பார். செய்து முடித்தால் கடைக்காரர்கள் வாங்க வேண்டுமே! உள்ளூர் மருந்தை யார் கேட்பாங்க என்று திருப்பி அனுப்பினார்கள். அமூல்ய சரண் போஸ் என்ற டாக்டர் நண்பர்தான் கூட சேர்ந்து, மற்ற டாக்டர்களிடம் பேசி எழுத வைத்தார்.

அவர்கள் போட்ட மருந்துப் பட்டியலைப் படித்ததும் எனக்கு ஆச்சரியம். ஓமத் தண்ணீர், ஆடாதோடை சிரப், நிலவேம்புச் சாறு! ஆடாதோடையை எங்க பாட்டி இருமலுக்குக் கஷாயம் வைப்பாங்க. ஒரு நாள் கெட்டியா இருக்கும், ஒரு நாள் தண்ணியா இருக்கும், கசப்பு மட்டும் குறையாது. பி.சி. ரே செய்தது என்னன்னா, அதே இலையின் சாரத்தை எடுத்து, எல்லா பாட்டிலிலும் ஒரே வீரியம் இருக்கும்படி அளந்து அடைத்தார். அப்பதான் டாக்டர் நம்பி இத்தனை ஸ்பூன் என்று எழுத முடியும்.

ஆனா கஷ்டம் வரிசையா வந்தது. கூட வேலை செய்த சதீஷ் சந்திர சின்ஹா என்ற இளைஞர் சோதனைச்சாலையில் ஹைட்ரோசயனிக் அமில விஷம் தாக்கி இறந்து போனார். 1898-ல் அமூல்ய சரணையும் பிளேக் நோய் கொண்டுபோனது. அதோடு கம்பெனியை இழுத்து மூடியிருந்தால்கூட யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மூடவில்லை. 1901-ல் அது பங்குதாரர்கள் சேர்ந்த லிமிடெட் கம்பெனி ஆனது. 1905-ல் மாணிக்தலாவில் தொழிற்சாலை வந்தது. எலும்பு எரித்த அதே பக்கம்தான்! கம்பெனிக்கு மேனேஜராக இருந்த ராஜசேகர் போஸ் பின்னாளில் வங்காளத்தில் பெரிய நகைச்சுவை எழுத்தாளர் ஆனார்.

இதற்கு நடுவில் ஆராய்ச்சியையும் விடவில்லை. மெர்குரஸ் நைட்ரைட் என்ற பாதரசச் சேர்மத்தைச் செய்து காட்டி உலகம் முழுக்கப் பெயர் வாங்கினார். பழைய இந்திய ரசாயனத்தைப் பற்றி இரண்டு பெரிய புத்தகம் எழுதினார். சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் அவரிடம் படித்தவர்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1916 முதல் கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியிலேயே ஒரு அறையில் மாணவர்களோடு இருந்தார். 1921-ல் 60 வயது ஆனதும் தன் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். 1944 ஜூன் 16 அன்று அந்த அறையிலேயே காலமானார்.

கம்பெனி பிறகு நஷ்டத்தில் போய் 1980-ல் அரசுடைமை ஆனது. பினாயிலும் அந்துருண்டையும்கூட அங்கே செய்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது ஹைட்ராக்ஸி குளோரோகுயின் மாத்திரைக்காக அதன் பேர் மறுபடி பேப்பரில் வந்தது. அந்த மாத்திரை கொரோனாவுக்குப் பயன்படாது என்று பின்னாடி சோதனைகளில் தெரிந்துவிட்டது, மலேரியாவுக்குத்தான் அது.